பாவாத்தாள் வீட்டில் வைத்த போன்

ஊஞ்சக்காட்டில் ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமையிலிருந்து, மனுசர் கவலைப்படக் கவலைப்பட அவர் கையிலிருக்கும் போனில் சார்ஜ் இறங்கத் தொடங்கியது. ஏன் அந்தச் செவ்வாய், ஏன் அந்த ஊர் என்று கேட்டால் யாருக்குத் தெரியும். பக்கத்து ஊர்வரைக்கும் வருகிற மழை எல்லைக் கல்லோடு ஏன் திரும்பிப் போகிறது என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சனம் அது, இதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் ரிக் வண்டி ஏறி, ஆழ்துளைக் கிணறு போட வடக்கே வாயில் நுழையாத பேருள்ள ஊர்களுக்குப் போய், எட்டு மாதம் பத்து மாதம் அங்கேயே கிடந்து, குரலாக மட்டும் வீட்டுக்கு வந்து போகிற ஊர் அது என்பதால், அடுப்பு அணைந்தால்கூட அங்கே யாரும் பதறமாட்டார்கள், போன் அணைந்தால் பதறுவார்கள்.

முதலில் அணைந்தது சாந்தாமணியின் போன்தான் என்பார்கள். இருக்கும், ஏனென்றால் கவலைப்படுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. புருசன் போய்ச் சேர்ந்து ஆறு வருசம். மகன் நவநீதன் ரிக்கில் பைப் மாட்டுகிற வேலைக்குப் போய் ஏழு மாதம். இருபத்திரண்டு வயசு ஒற்றைப் பையனை நினைத்துத்தான் அவளுக்குப் பொழுது விடியும், அடையும். பல் விளக்கும்போது, அவன் எழுந்தானோ என்னவோ என்று ஒரு சதவீதம் போகும். ரசம் கொதிக்கும்போது, என்னத்தைத் தின்றானோ என்று இரண்டு போகும். டிவியில் எந்த தேசத்து லாரி கவிழ்ந்தாலும் ஒரேயடியாகப் பதினைந்து போகும்.

பேட்டரிதான் கோளாறு என்று ஊரே திரண்டு பேருந்து நிறுத்தத்துச் செல்போன் கடை மாரப்பனிடம் போய் நின்றது. "வெளிச்சத்தக் கொறைங்க, திரையக் கறுப்பாக்குங்க, லொக்கேசன அமத்துங்க, பின்னால ஓடற ஆப்பெல்லாம் மூடுங்க, எண்பதுல புடுங்கிருங்க, இருபதுக்குக் கீழ எறங்க உடாதீங்க, சூட்டுல வெக்காதீங்க" என்று மாரப்பன் பூசாரி கணக்காக ஓத, சனங்கள் ஒன்று விடாமல் செய்தார்கள். எந்தெந்த ஆப் எவ்வளவு தின்றது என்று பார்க்கவும் அவன் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தான். போனை அடுப்பங்கரையிலிருந்து நாடு கடத்தினார்கள், ஈரத்துணி சுற்றி மண்பானை மேல் வைத்தார்கள், கறுத்த திரையில் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்துத் தலைவலி வாங்கினார்கள். சார்ஜ் மட்டும் அது பாட்டுக்கு இறங்கியது.

வேலாத்தாளின் மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோன அன்றைக்குத்தான் விசயம் பிடிபட்டது. ஆட்டோ ஏறும்போது தொண்ணூற்று மூன்று இருந்த போன், ஆஸ்பத்திரி வாசலில் முப்பதாகி, உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தியதும் ஐந்தாகிவிட்டது. குழந்தை பிறந்து தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்சு வந்து சொன்ன பிறகு, அதே ஐந்தை வைத்துக்கொண்டு வேலாத்தாள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் மறுநாள் சாயங்காலம்வரை பேசித் தீர்த்தாள். ஐந்து ஐந்தாகவே நின்றது. அட, இதுதானா சங்கதி என்று ஊர் தெளிந்தது. தெளிந்த பிறகு நிம்மதி வரும் என்று பார்த்தால், சண்டைதான் வந்தது.

பின்னே வராதா? "எங்கம்மா மூச்சுக்கு இழுத்துட்டுக் கெடக்கறா, உம்பட போன் எண்பத்தாறுல இருக்குது, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று பெண்டாட்டிகள் புருசன்மாரைப் பிடித்துக்கொண்டார்கள். எழவு வீட்டில் மாரடித்து அழுத மருமகள் ஒருத்தி, இடுப்பில் செருகிய போனைக் கையால் மறைத்துக்கொண்டே அழுதாள். கடைசியில் கோயில் முன்னால் கூட்டம் போட்டு, அடுத்தவர் போனில் எத்தனை சதவீதம் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, கேட்டால் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு டின் எண்ணெய் என்று முடிவு செய்த பிறகுதான் குடும்பங்கள் தப்பின.

பிறகு ஒரு வழக்கம் வந்தது. கவலை யாருடையதோ அவரிடம் போன் இருந்தால்தானே இறங்கும். கொடு அதை வேற்று வீட்டில். உன் மகன் கூப்பிடுகிற போன் என் வீட்டில், என் புருசன் கூப்பிடுகிற போன் உன் வீட்டில், மணி அடித்தால் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பொங்கியண்ணன் என்று ஒரு ஆள், அறுபது வயசு, கல்யாணம் காட்சி எதுவும் கட்டிக்கொள்ளாதவர், அவர் போன் ஒரே சார்ஜில் பதினொரு நாள் நின்றது. ஊர் அவர் காலில் விழாத குறை. ஒரு வாரத்தில் அவர் கட்டிலில் நாற்பது போன் வரிசை கட்டிப் படுத்திருந்தது. எட்டாம் நாள் காலையில் பொங்கியண்ணன் எழுந்து உட்கார்ந்து, அந்த வரிசையைப் பார்த்து, ஐயோ இதில் ஒன்று தொலைந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வேன் என்று ஆயுசில் முதன்முதலாக ஒரு கவலைப்பட்டார் பாருங்கள், நாற்பதும் ஒன்றாக அணைந்தன. அதற்கப்புறம் அந்த மனுசன் பழைய மாதிரி தூங்கவே இல்லை.

ஆவணி பிறந்த நாலாம் நாள் காலை ரிக் ஆபீசிலிருந்து சாந்தாமணிக்குப் போன் வந்தது. வண்டி காட்டுக்குள் நிற்கிறதாம். டீசல் தீர்ந்துபோய், கேன் எடுத்துக்கொண்டு நவநீதன் பாலம் தாண்டிப் போயிருக்கிறான். போன பின்னால் ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் போன், வண்டிக்குள் சார்ஜரில் சொருகியபடியே இருக்கிறது.

"அவனுக்கு மனப்பாடமா எந்த நம்பராவது தெரியுமாங்கம்மா?" என்று மேனேஜர் கேட்டார்.

"என்ற நம்பர் மட்டுந்தானுங்க தெரியும்."

"அப்பப் போன அமத்தீராதீங்க. யாருகிட்டயாச்சும் வாங்கிக் கூப்புடுவான். எந்தக் கரையில ஒதுங்குனான்னு தெரிஞ்சாத்தான் நாங்க ஆள் அனுப்ப முடியும். என்ன ஆனாலும்…"

என்ன ஆனாலும் என்பதற்கு மேல் அவர் என்ன சொன்னாரோ, போன் அணைந்துவிட்டது.

அணைத்து வைத்து ஏற்றினால் ஏறும். உயிர் வந்ததும் கொட்டிவிடும். சார்ஜரில் சொருகியே வைத்தாலும் ஏறுவதைவிட இறங்குவது வேகம். சிம்மைக் கழற்றி மாரப்பன் பட்டன் போனில் போட்டுப் பார்த்தான், அதுவும் கால் மணி நேரத்தில் கண்ணை மூடியது. வேலாத்தாள் வீட்டில் கொடுத்தாள். வேலாத்தாள் நவநீதனை இடுப்பில் சுமந்தவள், அரை மணி தாங்கவில்லை. எதிர்வீட்டில் கொடுத்தாள்; அந்த வீட்டுக்காரிக்கு நவநீதன்தான் போன தீபாவளிக்கு ஓட்டு மேல் ஏறி ஒழுகல் அடைத்துக் கொடுத்தவன், அவள் போனைக் கையில் வாங்கும்போதே அழுதாள். ஊரில் எல்லாருக்கும் அவன்மேல் பிரியம். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றேனே என்று சாந்தாமணி முதன்முறையாக நொந்துகொண்டாள். இதற்குள் எத்தனை முறை அவன் கூப்பிட்டானோ, எத்தனை முறை "ஸ்விட்ச் ஆப்" என்று எவளோ ஒருத்தி அவனிடம் சொன்னாளோ என்று வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தாள்.

அப்போதுதான் அவளுக்குப் பாவாத்தாள் ஞாபகம் வந்தது.

பாவாத்தாள் அவளுக்கு ஓரகத்தி, புருசனின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே காம்பவுண்டு, நடுவில் இடுப்பளவு சுவர், பதினொரு வருசமாகப் பேச்சில்லை. பொதுக்கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்த காலத்தில், ஒரு கோடையில் பாவாத்தாளின் முறைத் தண்ணீர் நாலு மணி நேரம் சாந்தாமணியின் மஞ்சக்காட்டுக்குப் பாய்ந்துவிட்டது என்று அவள் சொல்ல, பாயவே இல்லை என்று இவள் சாதிக்க, கத்திரிச்செடி அத்தனையும் கருகிக் கிடந்த அந்த வயிற்றெரிச்சலில் பாவாத்தாள் காய்ந்த வரப்பிலிருந்து இரண்டு கை மண்ணை வாரி, நடுவாசலில் வந்து நின்று தூற்றினாள். "தண்ணிக்காக எம் வயித்துல அடிச்சியே, அந்தத் தண்ணியே உன்ற வாரிசக் கேக்கும்டீ!" பதினொரு வயசு நவநீதன் தட்டில் சோற்றோடு வாசலில் உட்கார்ந்திருந்தான், மண் அவன் சோற்றில் விழுந்தது. அண்ணன் தம்பி இருவரும் செத்துப்போன பின்னும் அந்தச் சண்டை மட்டும் திடகாத்திரமாக இருந்தது.

ஆக, தண்ணீர் என் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவள் ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள், அவளிடம் போன் நிற்கும், ஒரு சதவீதம்கூட இறங்காது என்று சாந்தாமணி கணக்குப் போட்டாள். மாரப்பன் கடையில் போனை அணைத்துவைத்து நூறு ஏற்றினாள். அந்த ஒரு மணி நேரமும் கடை வாசலில் நின்று, இப்போது கூப்பிடாதே சாமி, இப்போது மட்டும் கூப்பிடாதே என்று வேண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அணைந்த போனை மடியில் கட்டிக்கொண்டு, பதினொரு வருசமாக மிதிக்காத வாசலை மிதித்தாள்.

பாவாத்தாள் முறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் சாந்தாமணி. அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு கூசியது.

"என்ன?"

"நவநீதன ஆத்துத் தண்ணி கொண்டுபோயிருச்சா, கரையில இருக்கறானான்னு தெரியல."

உரிக்கிற கை நின்றது. பிறகு உரித்தது. "கேள்விப்பட்டேன்."

"போனு என்கிட்ட நிக்கமாட்டீங்குது. யாருகிட்டயும் நிக்கமாட்டீங்குது. அவனப் பத்திக் கவலையே படாத ஆளுகிட்டத்தான் நிக்கும்."

பாவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு நாந்தான் கெடைச்சனா?"

"ஆமாக்கா. உங்கள உட்டா எனக்கு யாரு இருக்கறாங்க?"

பாவாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தாள். "வெச்சுட்டுப் போ. நீ போனதும் ஆன் பண்ணிக்கறேன். மணியடிச்சாக் கூப்படறேன்" என்றாள்.

அன்றைக்குப் பொழுது அடைகிறவரை சாந்தாமணிக்கு ஒரு மாதிரி தெம்பாக இருந்தது. என் பிள்ளையை வெறுக்க ஒரு ஜீவன் இருக்கிறதே, எல்லாரும் நல்லவர்களாக இருந்திருந்தால் என் கதி என்னாவது என்று சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தாள். மறுநாள் காலை சுவரோரம் வந்து, "எத்தனைக்கா?" என்றாள். பாவாத்தாள் முகம் காட்டாமல், "அம்பத்தெட்டு" என்றாள்.

மத்தியானம் முப்பத்து மூன்று. சாயங்காலம் பத்தொன்பது. சார்ஜரில் சொருகியிருக்கிறேன் என்றாள் பாவாத்தாள், சொருகியிருந்தும் இறங்குகிறது. அதற்கடுத்த நாள் காலை கேட்டபோது பதிலே வரவில்லை.

அவ்வளவுதான், இவளுக்கு உச்சியில் ஏறிவிட்டது. படம் பார்க்கிறாள், கோயமுத்தூரிலிருக்கும் மகளோடு மணிக்கணக்கில் பேசுகிறாள், வேண்டுமென்றே தீர்க்கிறாள், அன்றைக்கு வாயால் கேட்டதை இன்றைக்குக் கையால் முடிக்கப் பார்க்கிறாள் பாதகத்தி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தாள். "ஏ பாவாத்தா! எம் புள்ளைய முழுங்கறதுக்கா உன்ற கையில குடுத்தேன்!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் தெருக் கதவுகள் எல்லாம் திறந்தன.

பாவாத்தாள் உள்ளே கையைக் காட்டினாள்.

சாமி படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் போன் இருந்தது. நாலு சதவீதம். சாந்தாமணி வெடுக்கென்று எடுத்து, மாரப்பன் சொல்லிக்கொடுத்தபடி எது எவ்வளவு தின்றது என்று தட்டிப் பார்த்தாள். படம் இல்லை, பேச்சு இல்லை, ஒன்றுமே இல்லை. இரண்டு நாளில் திரை எரிந்ததே எட்டு நிமிசம்தான். அடுப்பைப் பார்த்தாள், சாம்பல் ஆறிக் கிடந்தது. முந்தாநாள் முறம் முந்தாநாள் கடலைக்காயோடு அப்படியே இருந்தது. பிறகு தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள்: நேர்ந்துகொண்டு ஒற்றைக் காசு முடிந்து வைத்த மஞ்சள் துணி, மஞ்சள் மொத்தமும் வெளுத்துப்போய், எத்தனையோ வருசத்துத் தூசியோடு.

"மண்ணத் தூத்துன அன்னைக்குச் சாயங்காலமே முடிஞ்சு வெச்சது," என்றாள் பாவாத்தாள். "வாயில வந்துருச்சு. வந்ததத் திருப்பி எடுக்க முடியுமா? அவன் கெணத்துப் பக்கம் போனா எனக்கு இங்க நெஞ்ச அடைக்கும். நீச்சல் பழகறான்னு கேட்ட நாள் சோறு எறங்கல. மழ பேஞ்சா பயம், பள்ளிக்கூடத்துல கடலுக்குச் சுத்துலா கூட்டிட்டுப் போனப்ப மூணு நாளு பயம். பதினொரு வருசமா தண்ணியப் பாத்தாலே உன்ற மவன நெனச்சு நடுங்குனவ நானு. என்கிட்டக் கொண்டாந்து குடுத்தியே, பைத்தியக்காரி!"

சாந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, வேறொன்று வந்தது.

"அந்த நாலு மணி நேரத் தண்ணி," என்றாள். "நாந்தான் எடுத்தேன்க்கா. நாந்தான் வாய்க்கால மாத்துனேன். நீ மண்ணத் தூத்துனது நாயமுன்னு எனக்குத் தெரியும். நாயமாத் தூத்துன மண்ணு பலிக்கும்னுதான் நானும் பயந்து பயந்து செத்தேன்."

"தெரியும்," என்றாள் பாவாத்தாள். "உன்ற காலுச் சேறு வரப்புல இருந்துச்சு."

நாலு, மூன்றானது. மாரப்பன் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஓடினால் ஒரு மணி நேரம் அணைத்து வைக்க வேண்டும், அந்த ஒரு மணியில் கூப்பிட்டுவிட்டால்? இருவரும் ஓடவில்லை. போனைத் தட்டோடு நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, இவள் ஒரு பயத்தைச் சொல்ல அவள் ஒரு பயத்தைச் சொல்ல, பதினொரு வருசத்துப் பயத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று மூன்றாகவே இருந்தது.

வெளியே ஊர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று யாராவது ஒரு பெருமூச்சு விட்டால்கூட அந்த மூன்றும் போய்விடுமோ என்று சனங்கள் தெருவைக் காலி செய்துவிட்டு, கோயில் திடலில் கூடி, கவலைப்படாமல் இருப்பதற்குப் படாத பாடுபட்டார்கள். பெண்கள் யாரும் கேட்காமலே கல்யாணப் பாட்டைப் பாடினார்கள், ஆண்கள் மாட்டுப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்லிச் சண்டை போட்டார்கள். பொங்கியண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். ஆனாலும் எல்லார் காதும் அந்த வீட்டுப் பக்கமே இருந்தது.

உச்சி வேளையில் மணி அடித்தது. தெரியாத நம்பர்.

நாலு கையும் ஒன்றாகப் பாய்ந்தன. சாந்தாமணியின் விரல்தான் முதலில் பட்டது, திரை எரிந்தது, குரல் வந்தது.

"அம்மா… அம்மா, நாந்தாம்மா. கரையேறிட்டேன். வடகரையில ஒரு பள்ளிக்கூடத்துல இருக்கறேன், எல்லாரையும் இங்கதான் வெச்சிருக்கறாங்க. கேக்குதா?"

கேட்கிறது. எல்லாம் கேட்கிறது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"அம்மா? அம்மா, பேசும்மா. ரெண்டு நாளாக் கூப்படறேன், இங்க டவரே கெடைக்கல. இருக்கறயா?"

இரண்டு சதவீதம். பாவாத்தாள் பார்த்தாள், சாந்தாமணி வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தாள், வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள்.

"டேய் நவநீதா! பெரிம்மாடா! நல்லா இருக்கறயாடா? அடி கிடி பட்டுதாடா? பேசுடா சாமி!"

அந்தப் பக்கம் ஆற்றின் இரைச்சல் கேட்டது. ஏதோ குழந்தைகள் கத்துகிற சத்தம், யாரோ இந்தியில் எதையோ சொல்கிற சத்தம், அதற்கப்புறம், வெள்ளம் வந்தபோதுகூட இப்படி நடுங்கியிருக்காது அந்தக் குரல்.

"பெரிம்மா… எங்கம்மா போனு எப்படி உங்க கையில?"

"அது வந்துடா…"

"மறைக்காதீங்க பெரிம்மா." அவன் விம்மினான். இருபத்திரண்டு வயசு ஆம்பளை, ஆற்றைத் தாண்டி உயிர் பிழைத்தவன், ஊர் பேர் தெரியாத பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு தேம்பித் தேம்பி அழுதான். "எங்கம்மா செத்துட்டாளா?"

ஒரு சதவீதம். இரண்டு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சாந்தாமணிக்குக் குரல் வந்துவிட்டது.

"சாவலடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கோயில் திடலில் பாட்டு நின்றது. "சாவலடா கண்ணு! நாங்க ராசியாயிட்டோம்டா!"